அவள் கொடுத்த விங்

டைவ் கடையில் வாடகைக்குத் தொங்கும், சிலிண்டரை முதுகில் தாங்குகிற காற்று ஜாக்கெட் எதுவும் எனக்குச் சரியாக உட்கார்ந்ததில்லை. தண்ணீர் மட்டத்தில் மிதக்கும்போது காற்றை நிரப்பினால் ஜாக்கெட் மட்டும் மேலேறி மோவாயை இடிக்கும். நான் அதற்குள் தொங்கிக்கொண்டிருப்பேன். அடியில் போனால் முதுகில் சிலிண்டர் இடமும் வலமும் ஆடும். இருப்பதிலேயே சின்னது என்று எடுத்துத் தருவார்கள், அதுவும் என்னைவிட ஒரு சுற்றுப் பெரிய ஆணுக்குத் தைத்ததாக இருக்கும்.

எங்கள் தீவில் வண்டூர்ப் பக்கம் ஒரு கடையில் டைவ்மாஸ்டராக இருந்தேன். ஏற்கெனவே டைவிங் கற்றுக்கொண்டு வருகிற விருந்தாளிகளைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டி, பத்திரமாக மேலே கொண்டுவருவது என் வேலை. சீசனில் தினமும் தண்ணீர்தான். சாயங்காலம் ஜங்லிகாட்டுக்குத் திரும்பி வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கும். அதனால்தான் பேக்பிளேட்டும் விங்கும் சொந்தமாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். அந்த ஆசையை என் தலையில் ஏற்றியவளும் அவள்தான்.

அவளைச் சிநேகிதி என்று எழுதத்தான் இப்போதும் கை வருகிறது. அதுவே எரிச்சலாக இருக்கிறது.

இரண்டு பேரும் ஒரே சீசனில் டைவிங் கற்றவர்கள், ஒரே வயது. அவளுடைய அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே சின்னச் சின்னப் படகுத்துறை ஜெட்டி வேலை, பாலம் வேலை எடுத்துச் செய்கிற காண்ட்ராக்டர். என் அப்பா ராமநாதபுரத்துக்காரர், துறைமுக ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து இங்கேயே தங்கிவிட்டவர். நாங்கள் இரண்டு பேரும் பிறந்தது இங்கே. டிங்கிப் படகில் எல்லோரோடும் இந்தி பேசுவோம். எங்களுக்குள் பேசும்போது மட்டும் தமிழ். அதிலும் பாதி இந்தி கலந்திருக்கும் என்று மெயின்லேண்டிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள்.

கடையில் எங்கள் ஆட்களில் பேக்பிளேட், விங் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். பார்க்க ஒன்றும் பெரிதாக இருக்காது. முதுகுக்கு ஒரு உலோகத் தகடு. தோள், இடுப்பு எல்லாவற்றையும் சுற்றிவரும் ஒரே நீளப் பட்டை, தொடைகளுக்கு நடுவே ஒரு வார். தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு காற்றுப் பை, அதுதான் விங். ஜாக்கெட்டைப் போல நெஞ்சையும் விலாவையும் நெரிக்காது. காற்று முழுக்க முதுகுப் பக்கம் இருப்பதால் உடம்பு தானாகப் படுத்துக்கொள்ளும். அவள் தண்ணீருக்குள் பாய் விரித்த மாதிரி நேராக, அசையாமல் இருப்பாள். பக்கத்தில் நான் காலை உதறி, கையை வீசி, மண்ணைக் கிளப்பிக்கொண்டிருப்பேன். பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருக்கும்.

"உனக்கு நீச்சல் வராம இல்லடி, அந்தச் சட்டைதான் சரியில்ல," என்பாள். "அதைக் கழட்டித் தூரப் போடு."

அந்த மழைக்காலம் முடிந்து கடல் தெளிய ஆரம்பித்த நாட்களில் எங்களுக்கு இதே பேச்சுதான். டிங்கியைக் கழுவும்போதும், மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டும், முதலில் தகடு எதில் எடுப்பது என்று சண்டை போடுவோம்.

அவள் ஸ்டீல் கட்சி. "ஸ்டீல் எடு. தகடே உன்னைக் கீழே இறக்கிரும். இடுப்புல ஈயம் கட்டுற வேலையே இல்ல. ஜாலியா இருக்கலாம்."

அதில் உண்மை உண்டு. ஆனால் எங்கள் தண்ணீர் வெதுவெதுப்பானது. குளிர்க் கடலில் மூழ்குபவர்களைப் போல மொத்தமான உடை தேவையில்லை. மெல்லிய வெட்சூட், சில நாள் வெறும் டீ-ஷர்ட், டைட்ஸ். மிதக்க வைக்கிற உடையே இல்லாதபோது அதை அமுக்க எதற்கு அவ்வளவு பாரம்? நானோ ஒல்லி உடம்புக்காரி. ஸ்டீல் தகடு மாட்டினால் தேவைக்கு மேல் கனம் ஏறிவிடும். அதைவிட முக்கியமாக எனக்கு ஒன்று உறுத்தியது.

"காத்துப் பையில ஏதாவது ஆச்சுன்னா? இடுப்புல கட்டுன ஈயத்தைக் கழட்டி விட்டுட்டு மேல வந்துறலாம். தகட்டைக் கழட்டி எறிய முடியுமா?"

அவள் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே சிரித்தாள். "பைக்கு என்னடி ஆகும்? சும்மா பயந்து சாகாதே."

அந்தச் சிரிப்பை எத்தனை தடவை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன் என்று தெரியவில்லை.

கடைசியில் நான் அலுமினியம் என்று முடிவு செய்தேன். லேசானது, பிளேனிலோ கப்பலிலோ கொண்டுபோக வசதி, கூட இடுப்பில் கொஞ்சம் ஈயம் கட்டிக்கொண்டால் போதும். வெளிநாட்டுத் தகடு வரவழைக்க மனசில்லாமல் அவளுடைய தகட்டைச் சார்ட் பேப்பரில் வைத்து வரைந்து, ஓட்டைகளையெல்லாம் குறித்துக்கொண்டு, ஜங்லிகாட்டில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற வெல்டிங் பட்டறையில் கொடுத்தேன். இது எதற்கு என்று கேட்டார்கள். முதுகுக்கு என்றேன். ஆஸ்பத்திரிச் சமாசாரம் என்று நினைத்திருப்பார்கள் போல, அதற்கப்புறம் ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். வளைவு ஓரளவு சரியாக வந்தது. ஓட்டைகளின் விளிம்புதான் கூராக இருந்தது. பட்டை அதில் உரசி அறுந்துவிடக் கூடாது என்று நானே உப்புத்தாள் வைத்து நாள்கணக்காகத் தேய்த்தேன்.

பட்டையை அளவெடுத்துப் பூட்ட அவள் வீட்டுக்கு வந்தாள். ஹாலில் தரையில் உட்கார்ந்து தகட்டை என் முதுகில் வைத்துப் பிடித்தாள். தோள் பட்டை ரொம்ப இறுகவும் கூடாது, தளரவும் கூடாது. பட்டைக்கு உள்ளே கையை விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுத்தாள். கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சிலிண்டர் வால்வு வரும் இடத்தைத் தொடச் சொன்னாள். தொட்டேன். இடுப்புப் பட்டையின் மிச்சத்தை வெட்டி, நுனியை மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கினாள். நைலான் கருகும் நாற்றத்துக்கு அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

"என்னடி இது, மாட்டுக்குச் சேணம் கட்டுற மாதிரி!"

"உங்க பொண்ணுக்குக் கட்டினாத்தான் அடங்குவா ஆன்ட்டி," என்றாள் அவள். அம்மா சிரித்து, அவளுக்கு இன்னொரு துண்டு சூரை மீன் வைத்தாள். அம்மாவுக்கு அவள் என்றால் உயிர். நான் ஒரு நாள் வராவிட்டாலும் பரவாயில்லை, அவள் வராவிட்டால் கேட்பாள்.

மிச்சம் விங் மட்டும்தான். அதில் எங்களுக்குச் சண்டையே இல்லை. பெரிய பை என்றால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். எங்களைப் போல ஒற்றைச் சிலிண்டரோடு, மெல்லிய உடையில் போகிறவர்களுக்குப் பெரிய பை தொந்தரவுதான். காற்றில்லாத பாகம் சிலிண்டரின் இரண்டு பக்கமும் மடங்கித் தொளதொளவென்று தொங்கும், தண்ணீரை இழுக்கும், உள்ளே காற்று எங்கேயாவது ஒளிந்துகொண்டு வெளியே வர மறுக்கும். சிறியதாக, வளையமாக ஒன்று போதும். அது இந்தியாவில் சுலபமாகக் கிடைப்பதாக இல்லை. வெளியிலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். சீசனோ தொடங்கிவிட்டது. அந்த வருஷம் லாங் ஐலண்டில் தங்கி டைவ் செய்ய ஒரு குழு வருவதாக இருந்தது. அதை முன்னால் நின்று நடத்த எங்கள் இரண்டு பேரில் ஒருத்தியை அனுப்புவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதற்குள் எனக்குப் புதுச் சாமான் பழகியிருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கையில் ஒரு பையோடு வந்தாள். உள்ளே அவளுடைய விங். சுத்தமாகக் கழுவி, காயவைத்து, மடித்து.

"எடுத்துக்கோ. எனக்கு அக்கா துபாய்லேர்ந்து புதுசு கொண்டு வந்துட்டா."

"எதுக்குடி? உனக்கு ஸ்பேர் ஆகுமே."

"ஸ்பேரை வச்சு என்ன பண்றது, பூஞ்சை பிடிக்கும். நீ போட்டா நான் போட்ட மாதிரி. வேணாம்னா சொல்லு, தூக்கிட்டுப் போறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். கடையில் எல்லோரிடமும் நானே போய்ச் சொன்னேன், பார், என் சிநேகிதி கொடுத்தது என்று. டிங்கிக்காரர், பெங்காலி, வயசானவர், "படியா தோஸ்த் ஹை," நல்ல சிநேகிதி என்று தலையாட்டினார்.

முதல் தடவை அதை மாட்டிக்கொண்டு ஜெட்டியை ஒட்டி ஆழமில்லாத இடத்தில் எடை பார்க்க இறங்கினோம். சிலிண்டரில் காற்று குறைந்த பிறகு, விங்கை முழுக்கக் காலி செய்துவிட்டு, மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே அசையாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் சரியான எடை. அவள் என் பெல்ட்டிலிருந்து ஈயத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசியில் ரொம்பக் கொஞ்சம்தான் மிஞ்சியது. நான் மூச்சை இழுத்தேன், லேசாக உயர்ந்தேன். விட்டேன், லேசாகத் தாழ்ந்தேன். காலை அசைக்கவே இல்லை. கீழே மணலில் ஒரு திருக்கை புதைந்து கிடந்தது, அதன் கண் மட்டும் தெரிந்தது. இத்தனை வருஷமும் இதையெல்லாம் நான் உதைத்து விரட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என்னைக் கண்டு ஓடவில்லை. மேலே வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நன்றாகவே போனது. ஆழம் குறைந்த இடங்கள், புதியவர்கள். இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை.

சம்பவம் நடந்த அன்று ஒரே டிங்கியில் இரண்டு குழுவாகப் போனோம். அவளிடம் ஒரு குழு, என்னிடம் மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும். இடம் ஒரு பவளச் சரிவு. மேலே ஆழமில்லை, ஓரத்தைத் தாண்டினால் நீலமாக இறங்கிக்கொண்டே போகும். காலை வெயில் நன்றாக அடித்தது, தண்ணீர் தெளிவு. சரிவின் பாதியில் இருந்தபோது அந்தப் பெண்மணிக்குக் கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்துவிட்டது. பயத்தில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி அழுத்தினாள். இது அடிக்கடி நடப்பதுதான். இரண்டு பேர் பாரத்தையும் தாங்க விங்கில் கொஞ்சம் காற்று விட்டேன்.

பொத்தானை அழுத்தியதும் காற்று போகிற சத்தம் கேட்டது, ஆனால் நான் உயரவில்லை. இன்னும் அழுத்தினேன். தலைக்குப் பின்னால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழிகள் ஓடின. விங்கைத் தடவிப் பார்த்தேன். துவண்டு கிடந்தது.

நாங்கள் இரண்டு பேரும் கீழே போய்க்கொண்டிருந்தோம். வேகமாக இல்லை, ஆனால் நிற்கவும் இல்லை. பெல்ட்டைக் கழற்றி விடலாம். ஆனால் அந்தப் பெண்மணி என்னைப் பிடித்திருக்கிற பிடியில் திடீரென்று மேலே எழும்பினால் மூச்சை அடக்கிக்கொள்வாள். ஆழத்திலிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் தாங்காது. அதனால் பெல்ட்டைத் தொடவில்லை. காலை உதைத்தேன். உதைத்து உதைத்துச் சரிவை அடைந்து, செத்துப்போன பவளப் பாறை ஒன்றின் விளிம்பை இடது கையால் பற்றிக்கொண்டேன். என் பாரம் குறைவாக இருந்ததால்தான் அது முடிந்தது. ஸ்டீல் தகட்டோடு முடிந்திருக்காது. அந்தப் பெண்மணியின் கண்ணாடியைச் சரிசெய்ய வைத்து, அவள் கண்ணைப் பார்த்து, என்னோடு சேர்ந்து மெதுவாக மூச்சுவிட வைத்தேன். கணவன் ஒன்றும் புரியாமல் ஒரு மீனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

விருந்தாளியைப் பிடித்திருந்த கையை ஒரு கணம் எடுத்து, உலோகக் கொக்கியால் சிலிண்டரில் தட்டினேன். சத்தம் கேட்டு என் சிநேகிதி திரும்பினாள். வந்தாள். 'சிக்கல்' என்று அந்தக் கையை ஒரு தரம் ஆட்டிவிட்டு மறுபடி விருந்தாளியைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் காட்டினேன். எது, எங்கே என்று காட்டக் கையில்லை, ஒரு கை பாறையில், ஒரு கை விருந்தாளியிடம்.

அவள் நேராக என் இடது தோளுக்குப் பின்னால் வந்து, விங்கின் தையல் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். அப்படியே என்னை இடது பக்கம் தாழ, வலது பக்கம் உயரச் சாய்த்து, பொத்தானை அழுத்தினாள். காற்று வலது பக்கத்தில் தேங்கி நின்றது. நான் உயர்ந்தேன். அந்தச் சாய்வு மாறாமல் என்னைப் பிடித்துக்கொண்டே சரிவோரமாக மேலே கொண்டுவந்தாள். எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்தோம்.

டிங்கியில் ஏறியதும் தளத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிநேகிதி என் சிலிண்டரைக் கழற்றி, துண்டைப் போர்த்திவிட்டாள். அந்தப் பெண்மணி என் கையை விடவே இல்லை, தேங்க்யூ தேங்க்யூ என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் என் சிநேகிதிக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் தோன்றியது, எங்கே கசிகிறது என்று நான் காட்டவே இல்லையே.

தண்ணீருக்குள் குமிழி பல இடங்களில் சிதறி மேலே போகும். எங்கிருந்து வருகிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவள் தேடவில்லை. எந்தப் பக்கம் சாய்த்தால் காற்று நிற்கும் என்று யோசிக்கவும் இல்லை. பழகின கை அது.

கரையில் முதலாளி காத்திருந்தார். டிங்கிக்காரர் போனில் சொல்லியிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டதும் நான் வாய் திறப்பதற்குள் அவள் பேசினாள்.

"ஒண்ணுமில்ல சார், விங்கைத் தகட்டுல பூட்டும்போது வெளி உறை ஜிப்புல உள்பையைக் கடிக்க விட்டிருக்கா. புதுசுதானே, பழக்கமில்ல. நான் பாத்துக்கிட்டேன்."

அவள் என் பக்கம் பார்க்கவில்லை. குழாயைத் திருப்பி என் சாமானையும் சேர்த்துக் கழுவ ஆரம்பித்தாள். முதலாளி என்னைப் பார்த்து, "த்யான் ரக்கோ," என்றார். கவனமாக இரு என்று. விருந்தாளிகளுக்கு முன்னால்.

அவள் கழுவிக்கொண்டிருந்த விங்கை நான் வாங்கிக்கொண்டேன். "குடுடி, நான் தச்சுத் தரேன்," என்றாள். வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் பெரிய பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, விங்கின் வெளி உறையை ஜிப் திறந்து, உள்ளே இருந்த பையை வெளியே எடுத்தேன். அதுவரை நான் அந்த ஜிப்பைத் திறந்ததே இல்லை, திறக்க அவசியம் வரவில்லை. ஊதித் தண்ணீரில் அமுக்கினேன். இடது தோள் பக்கத் தையலில் ஒட்டுப் போட்டிருந்தது. விரல் நகத்தால் நெம்பினேன், பாதி ஏற்கெனவே எழும்பியிருந்தது. கீழே பசை மஞ்சளாகிக் காய்ந்து, பொருக்குத் தட்டியிருந்தது. அதன் ஓரத்தில் அதைவிடப் பழைய பசையின் சுவடு. ஒரு தடவை ஒட்டி, பிடிக்காமல், மறுபடி ஒட்டியது. ஜிப் கடித்த தடம் எங்கும் இல்லை.

அம்மா கதவுக்கு வெளியே நின்று, "என்னடி பண்றே, காத்தடிக்கிற சத்தம் கேக்குது," என்றாள். சைக்கிள் டியூப் மாதிரி பஞ்சர் பார்க்கிறேன் என்றேன். பக்கெட் தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருந்தது. நான் பையைக் கையிலிருந்து விடாமல் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. அவள் இதை எப்படி மடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கழுவி, காயவைத்து, ஒட்டு உள்ளே போகும்படி மடித்து, எங்கள் வீட்டுப் படியேறி, என் அம்மா கையால் மீன் சாப்பிட்டு.

மறுநாள் வண்டூர் ஜெட்டியில், விருந்தாளிகள் வருமுன், பையை அவள் முன்னால் வைத்தேன்.

"இது எப்போலேர்ந்து?"

ஒட்டைப் பார்த்தாள். பொய் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"போன மழைக்கு முன்னாடி. எனக்கும் ஒரு தடவை விட்டுச்சு. கெஸ்ட் கூட இருக்கும்போது. யாருக்கும் சொல்லல."

"மழைக்கு முன்னாடின்னா... ஸ்டீல் எடு, பைக்கு என்ன ஆகும்னு சிரிச்சியே, அப்போ உனக்குத் தெரியும்."

"ஒட்டியிருந்தேன்டி. பிடிச்சிருந்துச்சு."

"பிடிச்சிருந்தா நீயே போட்டிருக்க வேண்டியதுதானே?"

ஜெட்டித் தூணில் ஒட்டியிருந்த சிப்பியைக் காலால் நெருடிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஏன் குடுத்த?"

"தூக்கிப் போட மனசு வரல. உனக்கு எவ்வளவு ஆசைன்னும் தெரியும். சொல்லியிருந்தா நீ வாங்கியிருக்க மாட்ட. நீ ஆழமாப் போக மாட்டேன்னு நெனச்சேன்."

"நேத்து டிங்கியில கூடத்தானே வந்தே? எங்க போறோம்னு தெரியாதா? ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்லணும்னு நெனச்சேன்."

"சரி. முடிஞ்சது போகட்டும். சார்கிட்ட நான் பையைக் கடிக்க விட்டேன்னு ஏன் சொன்ன?"

அவள் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். கண்ணில் ஈரம் இருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. "லாங் ஐலண்ட் இருக்குல்ல. ஓட்டை பையோட கெஸ்டை எறக்கினேன்னு தெரிஞ்சா என்னைத் தண்ணியிலேயே விட மாட்டாரு. உனக்கு ஒரு சின்னத் தப்புதானே, மறந்துருவாங்க."

ரொம்ப யோசித்து எடுத்த முடிவு மாதிரி சொன்னாள். என்னை எங்கே வைக்கலாம், எவ்வளவு தாங்குவேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். என் முதுகில் தகட்டை வைத்துப் பட்டையை இழுத்து இழுத்துப் பார்த்தாளே, அதே மாதிரி.

"நீயே போய்ச் சார்கிட்டச் சொல்லு," என்றேன்.

"சொல்றேன்," என்றாள்.

சொல்லவில்லை. சில நாள் காத்திருந்துவிட்டு நானே பையை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். அவர் ஒட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் ஒட்டியது என்று எப்படித் தெரியும், உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், சீசன் நேரத்தில் எனக்கு இதெல்லாம் வேண்டாம் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. லாங் ஐலண்டுக்கு அவளை அனுப்பினார். அவள் கிளம்பிய அன்று ஜெட்டியில் சாமான் ஏற்ற ஆள் போதவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய் ஏற்றினேன். அவளுடைய புது விங் மேலே இருந்தது. சிறியது, வளையமாக, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பேசி முடிவு செய்த அதே மாதிரி.

அந்த சீசன் முடிந்ததும் வேறு கடைக்கு மாறிவிட்டேன். எனக்கென்று ஒரு விங் வரவழைத்தேன். வந்ததும் முதல் வேலையாக ஜிப்பைத் திறந்து உள்பையை ஊதி, தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். புதிய கடையில் கூட வேலை செய்கிற பையன் சிரித்தான், "நயா ஹை தீதி, புதுசை எதுக்குச் சோதிக்கிறீங்க?" என்று. நான் பையை இன்னொரு தடவை அமுக்கினேன். இப்போது யார் எதைக் கொடுத்தாலும் அப்படித்தான். தகடு மட்டும் அதே ஜங்லிகாட் பட்டறைத் தகடு. பட்டையை மட்டும் அவிழ்த்துப் புதிதாக, நானே கண்ணாடி முன்னால் நின்று அளவெடுத்துப் பூட்டிக்கொண்டேன். ஒரு தோள் கொஞ்சம் தளர்வாகத்தான் வந்திருக்கிறது. ஒருத்தியாக நின்று அளவெடுத்தால் அப்படித்தான் வரும் போல.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் என்னைத் தண்ணீருக்கே விடமாட்டாள். அதனால் அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தப் புள்ள ஏன் வர்றதில்ல, சண்டையா, நீ என்னடி சொன்ன அவளை? என்னைத்தான் குற்றவாளியாகப் பார்க்கிறாள். ஒரு பெருநாள் அன்று நான் வெளியே போயிருந்தபோது அவள் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் திரும்பியபோது இரண்டு டம்ளர் கழுவாமல் இருந்தது. "உன்னைக் கேட்டா. பாவம், இளைச்சுப் போயிருக்கா," என்றாள் அம்மா. நான் டம்ளரைக் கழுவி வைத்தேன்.

போன சீசனில் ஒரு நாள் அவளைத் தண்ணீருக்குள் பார்த்தேன். இரண்டு கடையின் டிங்கிகளும் ஒரே சரிவுக்கு வந்திருந்தன. நான் என் விருந்தாளிகளோடு போய்க்கொண்டிருக்க, எதிர்ப்பக்கத்திலிருந்து அவள் தன் ஆட்களோடு வந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் முகம் தெரியாவிட்டாலும் படுத்திருக்கும் விதத்திலேயே தெரியும், அவள்தான். நெருங்கியதும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினாள். எல்லாம் சரியா என்று கேட்பது அது. தண்ணீருக்குள் யார் கேட்டாலும் பதில் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் ஆபத்தில் இருப்பதாக அர்த்தம், அவள் என்னிடம் வந்துவிடுவாள்.

அவள் வரக் கூடாது என்பதற்காகவே நானும் விரலைச் சேர்த்துக் காட்டினேன். அவள் தலையசைத்துவிட்டு என் பக்கமாகக் கடந்து போனாள். நான் திரும்பி என் ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, சரிவோரமாக மேலே போக ஆரம்பித்தேன்.